ஸ்பெக்ட்ரம் கீபோர்டுக்குப் புது மெம்பரேன்: நாமே அச்சடிப்பது எப்படி?

சின்க்ளேர் நிறுவனம் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது 1982 ஏப்ரல் 23 அன்று. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இருந்த டைமெக்ஸ் ஆலையில் தயாரானது. நாற்பது வயதைத் தாண்டிவிட்ட இந்தப் பெட்டி இன்று உங்கள் கைக்கு வந்தால், உள்ளே இருக்கும் சிப்புகள் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீபோர்டு விஷயத்தில் அப்படி எதிர்பார்க்க முடியாது. வெளியே தெரியும் சாம்பல் நிற ரப்பர் கீகள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் அவற்றுக்கு அடியில் கிடக்கும் மெம்பரேனில்.

மெம்பரேன் என்றால் மூன்று தாள்கள், அவ்வளவுதான். மேலே ஒரு பாலியெஸ்டர் ஃபிலிம், கீழே ஒன்று. இரண்டிலும் வெள்ளி மையால் கோடுகள் அச்சடித்திருக்கும். நடுவே, ஒவ்வொரு கீக்கும் நேரே ஓட்டை போட்ட இடைத்தாள். கீயை அழுத்தினால் மேல்தாள் அந்த ஓட்டைக்குள் பள்ளம் விழுந்து கீழ்த்தாளைத் தொடும். விட்டால் தானே எழும்பும். ஸ்பிரிங் கிடையாது, தனி ஸ்விட்சும் கிடையாது. இரண்டு ஃபிலிம்களிலிருந்தும் ஒல்லியாக ஒரு வால் நீண்டு, போர்டில் உள்ள கனெக்டரில் செருகப்பட்டிருக்கும். ஒன்றில் 5 கோடுகள், மற்றதில் 8.

அந்த வால்தான் முதலில் போகும். வயதும் உள்ளே தேங்கும் சூடும் சேர்ந்து பாலியெஸ்டரை விறைக்கவைக்கின்றன. வால் வளையும் இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல் விழுந்தாலே மேலே ஓடும் வெள்ளிக் கோடு அறுந்துவிடும். பழைய வாலைக் கனெக்டரிலிருந்து உருவிப் பாருங்கள், அப்பளம் போல நொறுங்கும். ஆகையால் பெட்டியைத் திறக்கும்போது மேல்மூடியை ஒரேயடியாகத் தூக்காதீர்கள். அது இரண்டு வால்களாலும் கீழே கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

நாற்பது கீகளையும் ஸ்பெக்ட்ரம் 8 × 5 கட்டமாகப் படிக்கிறது. 8 கோடுகள் இசட்80 பிராசஸரின் ஏ8 முதல் ஏ15 வரையிலான அட்ரஸ் லைன்களிலிருந்து, ஆளுக்கொரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வழியாக வருகின்றன. 5 கோடுகள் யுஎல்ஏ என்ற, திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் சிப்புக்குப் போகின்றன. அந்த ஐந்தும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டப்பட்டவை. கீயை அழுத்தினால் அந்த 5 வோல்ட் சரிந்து கீழே இறங்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வையுங்கள். பின்னால் மை வாங்கும்போது இதுதான் கை கொடுக்கும்.

எந்தக் கீகள் செத்திருக்கின்றன என்று ஒரு தாளில் குறித்தாலே பாதி விடை வந்துவிடும். ஏ, எஸ், டி, எஃப், ஜி என்று பக்கத்துப் பக்கத்து ஐந்து கீகள் ஒட்டுமொத்தமாகப் பேசவில்லை என்றால், 8 கோட்டு வாலில் ஒரு கோடு அறுந்திருக்கிறது. இடது ஓரத்தில் 1, கியூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட், வலது ஓரத்தில் 0, பி, என்டர், ஸ்பேஸ் என எட்டும் சேர்ந்து போயிருந்தால், 5 கோட்டு வாலில் ஒன்று போயிருக்கிறது. ஒரே ஒரு கீ மட்டும் தகராறு செய்தால் அந்த இடத்தில் அழுக்கோ தேய்மானமோ இருக்கலாம்.

மெம்பரேன்தான் குற்றவாளி என்பதை இன்னும் உறுதி செய்துகொள்ள வேண்டும். பவரை அணைத்துவிட்டு இரண்டு வால்களையும் கழற்றுங்கள். பெட்டியைத் திறந்தபடியே மீண்டும் பவர் கொடுத்து, திரையில் 1982 என்ற காப்புரிமை வரி வந்ததும், ஒரு சிறு ஒயரால் 5 முனைக் கனெக்டரின் ஒரு முனையையும் 8 முனைக் கனெக்டரின் ஒரு முனையையும் ஒரு கணம் இணையுங்கள். திரையில் ஏதாவது ஒரு சொல்லோ எழுத்தோ எண்ணோ விழ வேண்டும். (ஷிஃப்ட் கீகள் இரண்டுக்கும் ஒன்றும் வராது, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் எழுத்து எதுவும் விழாது, பயப்பட வேண்டாம்.) அத்தனை ஜோடிகளும் வேலை செய்தால் போர்டு நலம், மெம்பரேனை மாற்றலாம். ஒயரிலும் வரவில்லை என்றால் அந்தக் கோட்டின் டயோடையோ யுஎல்ஏவையோ பாருங்கள். புது மெம்பரேன் அதைக் குணப்படுத்தாது. ஒயர் இந்த இரண்டு கனெக்டர்களைத் தவிர வேறு எதிலும் பட்டுவிடக் கூடாது.

வாங்குவதா, செய்வதா?

ஒரே ஒரு ஸ்பெக்ட்ரம்தான் வைத்திருக்கிறீர்கள், அதில் விளையாட வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் புது மெம்பரேனை வாங்கிவிடுங்கள். புதிதாக அச்சடித்தவை விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒற்றை மெம்பரேனுக்காக வெள்ளிப் பேஸ்ட் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. நான்கைந்து பெட்டிகள் இருந்தாலோ, நண்பர்களோடு சேர்ந்து செய்தாலோ, அல்லது கடையில் மெம்பரேனே கிடைக்காத ஏதோ ஒரு அரிய இயந்திரம் உங்களிடம் இருந்தாலோ, கற்றுக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. ஸ்பெக்ட்ரமில் பழகிய கை மற்றவற்றுக்கும் உதவும்.

வேறு வழிகளும் உண்டு. வளையும் சர்க்யூட் போர்டாக வரைந்து பிசிபி ஆலையில் செய்து வாங்கலாம். சுத்தமான வேலை, ஆனால் இவ்வளவு அகலமான தாளுக்கு விலை ஏறும். பசையுள்ள செம்பு நாடாவை வெட்டி ஒட்டியும் செய்யலாம். அது ஒற்றைப் பெட்டிக்குப் போதும், ஆனால் நாடா மேல் நாடா ஒட்டும் ஒவ்வொரு மூலையிலும் அடியில் இருக்கும் பசை தொடர்பைக் கெடுக்கும். மூலைக்கு மூலை சால்டர் வைத்தால் ஃபிலிம் சுருங்கும். எனக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான், அதாவது ஃப்ரேமில் கட்டிய வலைத்துணி வழியே மையை அழுத்தி அச்சடிப்பதுதான், சரியாகப் படுகிறது. அசல் மெம்பரேனும் அப்படித்தான் செய்யப்பட்டது.

பிரிப்பதும் வரைவதும்

மெம்பரேனை வெளியே எடுக்க முதலில் மேலே உள்ள உலோகத் தகடு வர வேண்டும். மெல்லிய தகடு அது, இருபுறப் பசை நாடாவில் ஒட்டியிருக்கும். ஒரு மூலையைப் பிடித்து நெம்பினால் மடங்கிவிடும். மடங்கியதை மறுபடி தட்டையாக்கவே முடியாது. ஹேர் டிரையரால் ஓரங்களைச் சூடாக்கி, பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக்கை அடியில் விட்டு, நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பசை விட்டுக் கொடுக்கும் வரை பொறுமை. அவசரக்காரர்கள் வளைத்த தகடுகள் ஏராளம்.

தகட்டுக்கு அடியில் ரப்பர் பாய், அதற்கு அடியில் மெம்பரேன். எடுத்ததும் அதை ஓர் அடிஸ்கேலோடு சேர்த்து 600 டிபிஐயில் இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள். தாள்களைப் பிரிக்கும் முன், எந்த வாலில் வெள்ளி மேலே பார்க்கிறது, எதில் கீழே பார்க்கிறது என்று போட்டோ எடுத்து வையுங்கள். கனெக்டரின் உள்ளே தொடும் பக்கம் அதைப் பொறுத்தது.

பிறகு இங்க்ஸ்கேப் போன்ற ஒரு வெக்டர் மென்பொருளில் ஸ்கேனை அடியில் போட்டு மேலே வரையுங்கள். கீ இருக்கும் இடங்களையும், வாலின் கோடுகளின் வரிசையையும் இடைவெளியையும் அப்படியே வைக்க வேண்டும். நடுவில் கோடுகள் எப்படிப் போகின்றன என்பது உங்கள் இஷ்டம். அசலில் 0.7 மி.மீ. கோடு இருந்தால் நீங்கள் 1 மி.மீ. போட்டுக்கொள்ளலாம், இடம் இருக்கிறது.

இங்கே ஒரு அழகான விஷயம் உண்டு. 1-ம் 0-வும் ஒரே கோட்டில், 2-ம் 9-ம் ஒரே கோட்டில், கடைசியில் 5-ம் 6-ம் ஒரே கோட்டில் இருக்கின்றன. இப்படிக் கண்ணாடிப் பிம்பமாக அமைத்ததால் ஐந்து கோடுகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து ‘ப’ வடிவங்களைக் கவிழ்க்காமல் அடுக்கியது போல வரைய முடிகிறது: வெளியே 1–0, உள்ளே 5–6, மேல்முனைகள் திறந்தபடி. எந்தக் கோடும் எதையும் வெட்டாது, ஐந்தும் மேல் பக்கமாக வாலுக்கு வந்துவிடும். மற்ற எட்டுக் கோடுகளை இடது நான்கு, வலது நான்கு என்று நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து மேலே ஏற்றலாம். இரண்டு ஃபிலிமிலும் ஒற்றைப் பக்க அச்சு போதும், கோட்டைத் தாண்டிப் போகும் ஜம்பர் இணைப்பு தேவையே இல்லை.

கீ படும் இடத்தில் 5 மி.மீ. விட்டமுள்ள வட்டம் வையுங்கள். மேல்தாளின் வெள்ளி அதன் அடிப்புறத்தில் இருக்க வேண்டும் என்பதால் அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பித்தான் அச்சடிக்க வேண்டும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. திருப்பிய பிறகு இரண்டு படங்களையும் சாதாரணத் தாளில் எடுத்து, முகத்தோடு முகம் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும். பிரிண்டர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று தானாகவே படத்தைச் சுருக்கும் பழக்கம் உடையது. ஆகவே படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்றைப் போட்டு, அச்சில் அளந்து பாருங்கள். வெட்டும் எல்லைக்கு வெளியே நான்கு மூலையிலும் கூட்டல் குறிகள் வேண்டும்.

எந்த மை?

கடையில் ‘கண்டக்டிவ் மை’ என்று கேட்டால் கார்பன் மையும் தருவார்கள். விலை குறைவு. அதை மட்டும் வைத்து மெம்பரேன் செய்ய முடியாது, ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அச்சடித்த கோட்டின் ரெசிஸ்டன்ஸை ‘ஒரு சதுரத்துக்கு இத்தனை ஓம்’ என்று சொல்வார்கள். 1 மி.மீ. அகலமும் 250 மி.மீ. நீளமும் உள்ள கோடு என்றால் 250 சதுரங்கள். நல்ல வெள்ளிப் பேஸ்ட் மெல்லிசாக அச்சான பின் சதுரத்துக்குச் சுமார் 0.05 ஓம் வரும். ஆக முழுக்கோட்டுக்கும் 12 ஓம் சொச்சம். கார்பன் மை சதுரத்துக்கு 30 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 7,500 ஓம் ஆகிறது. எதிரே இருப்பது 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கீயை அழுத்தினால் 5 வோல்ட் 2 வோல்ட்டுக்குக் கீழே கூட இறங்காது. இலக்கச் சுற்றுகளில் டிடிஎல் என்ற பழைய சிப் வகையின் வழக்கப்படி 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருப்பதுதான் உறுதியான ‘தாழ்நிலை’. அதிலும் டயோடு மட்டுமே அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில்தான் உங்கள் மெம்பரேன் வாழ வேண்டும். ஓடும் மின்னோட்டம் அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் 300, 400 ஓம் வரை பெட்டி பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்தாள், கீழ்த்தாள், தொடும் புள்ளி எல்லாம் சேர்த்து 100 ஓமுக்குள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. நாளாக ஆக அது ஏறத்தான் செய்யும்.

கார்பனுக்கு வேறு ஒரு நல்ல வேலை இருக்கிறது. வெள்ளிக் கோட்டுக்கு மேலே, வாலின் நுனியில் மட்டும், ஒரு பூச்சாக அதைப் போடலாம். கனெக்டரின் கூர்முனை வெள்ளியைச் சுரண்டாது, வெள்ளி கறுக்காது. நீளவாக்கில் ஓடும்போதுதான் கார்பன் தடை. மெல்லிய பூச்சைக் குறுக்கே கடக்க மின்சாரத்துக்குச் சிரமமில்லை.

அச்சடிக்கும் நாள்

ஃபிலிமுக்கு 0.125 மி.மீ. தெளிவான பாலியெஸ்டர் கேளுங்கள். ஒத்திகைக்கு லேசர் பிரிண்டருக்கான ஓஹெச்பி ஷீட் போதும். இங்க்ஜெட்டுக்கானது வேண்டாம், அதன் ஒரு பக்கத்தில் பூச்சு இருக்கும், மை பிடிப்பது வேறு மாதிரியாகும். ஃபிலிமை அச்சடிக்கும் முன்பே 130 டிகிரியில் அரை மணி நேரம் தட்டையாகச் சுட்டெடுங்கள். பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கும். சுருங்க வேண்டியதை முன்னாலேயே சுருங்கவிட்டால் பிறகு மை காயவைக்கும்போது வட்டங்கள் இடம் நகராது. இதற்கென்று தனியாக ஒரு பழைய அவன் வைத்துக்கொள்ளுங்கள், அதில் மறுபடி சமைக்கக் கூடாது.

ஸ்கிரீன் செய்வது தனிக் கலை. முதல் தடவை அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் உங்கள் படத்தைக் கொடுத்தால் ஃப்ரேமை எக்ஸ்போஸ் செய்து தந்துவிடுவார்கள். இரண்டே விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சால்வென்ட் மை போடப் போகிறேன், ஸ்கிரீனில் பூசும் எமல்ஷன் (படத்தைப் பதிக்கும் பூச்சு) அதைத் தாங்க வேண்டும். இரண்டு, மெஷ் (வலைத்துணி) மிக நெருக்கமாக வேண்டாம். சென்டிமீட்டருக்கு 77 இழை, அதாவது அங்குலத்துக்கு 200-ஐ ஒட்டியது சரியாக வரும். நெருக்கமான மெஷ்ஷில் வெள்ளித் துகள் அடைத்துக்கொள்ளும், இறங்கும் மையும் மெலிந்துவிடும்.

வெள்ளி கனமானது, டப்பாவின் அடியில் படியும். காற்றுக் குமிழ் ஏறாமல் மெதுவாகக் கிண்டி மேலே கொண்டுவாருங்கள். ஃபிலிமை மேசையில் டேப் போட்டு நிறுத்தி, ஃப்ரேமை அதற்கு 2, 3 மி.மீ. உயரத்தில் வையுங்கள். பேஸ்டை ஒரு வரியாக ஊற்றி, ஸ்க்வீஜியை (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) சாய்வாகப் பிடித்து, ஒரே அழுத்தத்தில் ஒரே இழுப்பு. ஸ்க்வீஜி போகும் இடத்தில் மட்டும் மெஷ் ஃபிலிமைத் தொட்டு, பின்னாலேயே படக்கென்று எழும்ப வேண்டும். அந்தச் சத்தம் காதில் விழும். எழும்பாமல் ஒட்டிக்கொண்டே வந்தால் கோட்டின் ஓரங்கள் கசியும், உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இரண்டாவது முறை இழுக்க ஆசை வரும். இழுக்காதீர்கள், கோடு இரட்டையாகிவிடும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள்.

காயவைப்பது பேஸ்டைப் பொறுத்தது. 120 முதல் 130 டிகிரியில் 10, 15 நிமிடம் என்பது வழக்கம். டப்பாவோடு வரும் தாள் என்ன சொல்கிறதோ அதையே கேளுங்கள். வெயிலில் உலர்ந்தது தொட்டால் ஒட்டாது, ஆனால் துகள்கள் இறுகியிருக்காது. ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு கூடுதலாகக் காட்டும். சுட்டபின் ஒவ்வொரு கோட்டையும் முனையிலிருந்து முனை அளந்து எழுதுங்கள். ஒன்று மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் அங்கே எங்கோ மயிரிழை வெட்டு இருக்கிறது. பக்கத்துக் கோடுகளுக்கு இடையே ஷார்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிளேடு நுனியால் சுரண்டிவிடலாம்.

இடைத்தாள்

0.1 முதல் 0.15 மி.மீ. வரை, பசையையும் சேர்த்து. இருபுறப் பசையுள்ள ஃபிலிம் கிடைத்தால் உத்தமம். ஓட்டை 7 மி.மீ.: வட்டத்தைவிடப் பெரியதாக, விரலைவிடச் சிறியதாக. இடைத்தாள் தடித்துவிட்டால் கீயைக் குத்தி அழுத்த வேண்டியிருக்கும். மெலிந்துவிட்டால் யாரும் தொடாமலே எழுத்து ஓடும்.

பலரும் விடுவது காற்று வழி. ஓட்டைகளை ஒன்றோடொன்று 1 மி.மீ. அகலக் கால்வாயால் இணைத்து, கடைசியில் ஓர் ஓரத்தில் வெளியே விடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஓட்டையும் மூடிய அறையாகி, அழுத்தும்போது காற்று எதிர்த்து நிற்கும். கால்வாய்களை வெள்ளிக் கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கிடும் இடத்தில் விடாதீர்கள். ஓட்டைகளை லேசர் கட்டிங் கடையில் வெட்டலாம், கட்டிங் பிளாட்டரிலும் வெட்டலாம். கையால் பஞ்ச் அடித்தால் விளிம்பில் பிசிறு நிற்கும்; பிசிறு இருக்கும் கீ ஒருநாள் உங்களைப் படுத்தும்.

மூன்றையும் சேர்க்கும்போது மூலையில் போட்ட கூட்டல் குறிகளில் ஊசி குத்தி நேராக்குங்கள். ஒட்டிய பிறகுதான் வெளி எல்லையை வெட்ட வேண்டும்.

வாலும் பொருத்துவதும்

வால் நுனியின் பின்பக்கம் இன்னொரு துண்டு பாலியெஸ்டரை ஒட்டி விறைப்பாக்குங்கள். கனெக்டர் பிடிக்கும் தடிமன் அசலோடு ஒத்துப்போகட்டும். வெள்ளி மை வளைவைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. வாலை ஒரு பென்சிலைச் சுற்றி வளைத்து அந்த வளைவிலேயே விடுங்கள். நகத்தால் மடிப்பு எடுத்தால் அன்றே கோடு அறுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் வைக்கும் முன் மேசையிலேயே நாற்பது கீகளையும் மல்டிமீட்டரில் பாருங்கள். அழுத்தாதபோது தொடர்பே இருக்கக் கூடாது, அழுத்தினால் 100 ஓமுக்குள். பிறகு பவர் அணைத்த நிலையில், விறைத்த நுனியைப் பிடித்து, நேராக, இரு ஓரத்திலும் மாறிமாறிச் சிறிது சிறிதாகக் கனெக்டரில் தள்ளுங்கள். உலோகத் தகட்டை இன்னும் ஒட்ட வேண்டாம், ரப்பர் பாயை மட்டும் வைத்து இயக்குங்கள். ஸ்பெக்ட்ரமில் முதலில் அழுத்தும் எழுத்துக் கீ ஒரு முழுக் கட்டளையாக விழும் என்பதால், வரி எண்ணாக 1-ஐ அழுத்தி, அடுத்து ‘ரெம்’ (குறிப்பு எழுதும் கட்டளை) என்று எழுதிய ஈ கீயை அழுத்துங்கள். அதன் பின் எல்லா எழுத்தும் எழுத்தாகவே வரும். ஒன்று விடாமல் தட்டிப் பார்த்து, ஷிஃப்ட் இரண்டையும் மற்ற கீகளோடு சேர்த்துப் பார்த்து, அரை மணி நேரம் பெட்டியைச் சூடாக விட்டு மீண்டும் தட்டிப் பார்த்த பிறகு தகட்டை ஒட்டலாம்.

மிச்சம் அச்சடித்தவற்றைச் சுருட்டாமல் தட்டையாக, காற்றுப் புகாத உறையில் வையுங்கள். கட்டுவதற்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

இந்தியாவில் டெசிபெல்ஸ் நிறுவனம் 1986 முதல் உரிமம் பெற்று விற்றது ‘டிபி ஸ்பெக்ட்ரம்+’. உங்கள் வீட்டுப் பரணில் கிடைப்பது அதுவாக இருந்தால், மேலே சொன்ன படம் அதற்குப் பொருந்தாது. கெட்டியான பிளாஸ்டிக் கீகள் கொண்ட ஸ்பெக்ட்ரம்+ மாடலில் அம்புக்குறி, எடிட், டெலீட் போன்ற கூடுதல் கீகள் உண்டு. அவற்றில் ஒன்றை அழுத்தினால் கேப்ஸ் ஷிஃப்டும் இன்னொரு கீயும் ஒரே நேரத்தில் அழுந்தியதாகக் கட்டத்துக்குத் தெரிய வேண்டும். அதற்காகக் கோடுகள் ஓடும் அடுக்கு ஒன்று கூடுகிறது, இடைத்தாளும் கூடுகிறது, வட்டங்கள் பொருந்த வேண்டிய துல்லியமும் கூடுகிறது. ரப்பர் கீ மாடலில் இரண்டு மெம்பரேன்களாவது ஒழுங்காக வந்த பிறகு அதைத் தொடுங்கள்.